மீனவ ஊரில் மீண்டெழும் திறன் பற்றி ஆய்வு: 25 கேள்வி அளவுகோல் போதுமா, யாரிடம் பேசுவது?

திருச்சி_எம்எஸ்டபிள்யூ:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சமூக மேம்பாட்டுப் பிரிவு. ஆய்வேட்டுக்குப் பேரிடருக்குப் பிந்தைய சமூக மீண்டெழும் திறன் என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். களம் நாகை மாவட்டத்தில் ஒரு மீனவ ஊரும் அதை ஒட்டியிருக்கும் குடியிருப்புகளும். 2004 சுனாமி, 2018 கஜா புயல் இரண்டையும் பட்ட ஊர்.

என் வழிகாட்டி கானர்-டேவிட்சன் அளவுகோலை, அதாவது ஒருவரின் மீண்டெழும் திறனை அளக்கும் கேள்வித்தாளை, பயன்படுத்தச் சொல்கிறார். 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 100. அறுபது பேரிடம் நிரப்பி வாங்கி, ஆண் பெண், வயது, வருமானம் என்று பிரித்து டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் கணக்கு) போட்டு எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தரும் அட்டவணையை ஒட்டினால் வேலை முடிந்தது என்கிறார். கல்லூரியில் முந்தைய ஆண்டுகளின் ஆய்வேடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

முன்கூட்டியே ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனபோதுதான் குழப்பம் வந்தது. கஜாவுக்கு அப்புறம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் "ஊர்ல முடிவு பண்ணாங்க", "ஊர்ல பிரிச்சுக் கொடுத்தாங்க" என்றுதான் பதில் வருகிறது. அளவுகோலில் இருப்பதோ முழுக்க முழுக்க நான், என்னால், எனக்கு. அறுபது பேருடைய 'நான்' மதிப்பெண்ணைக் கூட்டி வகுத்தால் அது ஊரின் திறன் ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் வழிகாட்டியிடம் எப்படி வாதாடுவது என்றும் தெரியவில்லை.

இன்னொன்று. மீன் விற்கும் ஓர் அம்மா நேராகவே கேட்டார்: "சுனாமியிலேருந்து எழுதிக்கிட்டுதான் போறாங்க. எழுதி என்ன ஆச்சு?" என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் கழித்து மறுபடியும் அந்தக் காலையைப் பற்றிக் கேட்பது நியாயமா? ஊர்ப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கினால் அவர்கள் காட்டும் ஆட்களிடம் மட்டும்தான் பேச முடியுமா? அப்புறம், ஆசியாவிலிருந்தே படிக்க வேண்டிய உதாரணங்கள் இருந்தால் சொல்லுங்கள். பாடத்தில் வருவதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பாதான்.

நாகை_களப்பணி:

தம்பி, நான் 2005 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு நாகை வந்து, அப்படியே இங்கேயே தங்கிவிட்டவன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு, ஊர்ப் பஞ்சாயத்து பற்றியதற்கு, முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்பது அரசின் ஊராட்சி மன்றம் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்த வலை போடலாம், எதைப் போடக் கூடாது, திருவிழா எப்போது, அடுத்த ஊரோடு தகராறு வந்தால் யார் போய்ப் பேசுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். மார்ட்டன் பாவிங்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் இந்தக் கரையின் பஞ்சாயத்துகளைச் சுனாமிக்கு முன்பிருந்தே ஆராய்ந்தவர். அவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள், அடித்தளம் கிடைக்கும்.

சுனாமிக்கு அப்புறம் நடந்தது என்ன என்றால், அரிசி, பணம், பாத்திரம், படகு என்று எது வந்தாலும் ஊர் மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டது. லாரியைச் சுற்றி அடிதடி நடக்காமல் இருந்ததற்கு அது ஒரு காரணம். கலெக்டர் அலுவலகத்திலேயே சினேகா என்ற தொண்டு நிறுவனமும் சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கக் கூட்டமைப்பும் முன்னின்று தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஒரு தகவல் வேண்டுமென்றாலும் கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்தார் தரும் கணக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்து அசந்து போனார்கள், அசந்ததில் தவறும் இல்லை. இவ்வளவு பெரிய அடி வாங்கிய மாவட்டம் (தமிழ்நாட்டில் இறந்த ஏறக்குறைய 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகையில்தான்) அவ்வளவு சீக்கிரம் எழுந்து நின்றதில் இந்தக் கட்டுக்கோப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் பங்கு எந்தப் பட்டியலின்படி போனது என்று பாருங்கள். ஊர் வரி கட்டும் குடும்பங்களின் பட்டியல்படி. அந்தக் கணக்கு பெரும்பாலும் திருமணமான ஆண்களை வைத்துத்தான் இருக்கும். கணவனை இழந்த பெண், தனியாக மீன் விற்றுப் பிழைக்கும் பெண், இவர்கள் பல ஊர்களில் அரைப் பங்கு, சில இடங்களில் அதுவும் இல்லை. ஊருக்குப் பின்னால் இருக்கும் தலித் குடியிருப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவர்களுக்குப் படகு போகவில்லை, வலை போகவில்லை, அதனால் 'பாதிக்கப்படாதவர்கள்'. நிலத்தில் உப்பு ஏறி விவசாயக் கூலி நின்று போனது, கரையில் கிடைத்துக்கொண்டிருந்த வேலையும் நின்று போனது, அதை யார் கணக்கெடுத்தார்கள்? வேதாரண்யம் பக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கும் இதே கதைதான். டேனியல் ஆல்ட்ரிச் என்ற ஆய்வாளர் நம் கரையோர ஊர்களை வைத்து இதைத்தான் காட்டினார்: உறவும் கட்டும் பலமாக இருந்த ஊர்களுக்கு உதவி அதிகமாகவும் சீக்கிரமாகவும் வந்தது, அதே கட்டுதான் தலித்துகளையும் பெண்களையும் வெளியாட்களையும் வெளியே நிறுத்தியது.

அதனால் என் கருத்து இது. ஊரின் திறனை அளக்கப் போகிறவர் முதலில் அந்த ஊர் யாரையெல்லாம் ஊர் என்று எண்ணுகிறது என்று கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் எத்தனை கேள்வித்தாள் நிரப்பினாலும் உள்ளே இருப்பவர்களின் பெருமை மட்டும்தான் பதிவாகும். அப்படி எழுதிய அறிக்கைகள் நாகையில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன.

நடைமுறைக்கு வருகிறேன். பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் போகாதீர்கள், அது மரியாதையும் இல்லை, நடக்கவும் நடக்காது. கோயிலடியிலோ ஏலக்கூடத்திலோ போய்ப் பார்த்து, கடிதத்தைக் கொடுத்து, பின்னால் இருக்கும் குடியிருப்புக்கும் போகப் போகிறேன் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்துப் போனால்தான் சந்தேகம் வரும். பெண்களிடம் காலையில் பேச முடியாது, ஏலத்தில் மீன் எடுத்து விற்கப் போய்விடுவார்கள், மதியத்துக்கு மேல்தான் ஓய்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், ஆண்கள் ஊரிலேயே இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள். டிசம்பர் 26 ஒட்டிப் போகவே போகாதீர்கள். அது அவர்கள் கரையில் பால் ஊற்றிக் கும்பிடும் நாள், மைக்கோடும் கேமராவோடும் வருகிறவர்களைப் பார்த்து அலுத்துப் போயிருக்கிறார்கள்.

மட்டக்களப்பு_வாசகி:

வணக்கம் தம்பி. நான் மட்டக்களப்பில் உளசமூகப் பணியில் இருக்கிறேன். அந்த அம்மா கேட்ட கேள்வியை இங்கே வாவியின் இரு பக்கத்திலும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், எங்களிடமும் கேட்டிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக் குழுக்கள் கேள்விக்கொத்தோடு வந்து போனார்கள், பிறகு யுத்தம் முடிந்த பின் அதே சனத்திடம் வேறு கேள்விக்கொத்து. ஒரே தாய் பிள்ளையைக் கடல் கொண்டுபோன கதையை எத்தனை தடவை சொல்வது?

மறுபடியும் கேட்பது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். நான் நினைப்பது, அன்று காலை என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். உங்கள் ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. அவர்களாகச் சொன்னால் பொறுமையாக இருந்து கேளுங்கள், பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள், இடையில் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். கதைத்து முடிந்தவுடன் எழும்பி வந்துவிடவும் கூடாது. அழுகிறவரை அப்படியே விட்டுவிட்டு வருவது எங்கள் தொழிலுக்கே பிழை. பக்கத்தில் யார் துணை இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்பதைப் போவதற்கு முன்பே அறிந்து வைத்திருங்கள்.

அளவுகோல் விடயத்தில் எங்கள் பக்கத்து அனுபவம் உங்களுக்கு உதவும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கில் பல ஆண்டுகள் வேலை செய்து, இங்கே காயம் தனி ஆளுக்குள் மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துப் பட்ட காயம் என்று எழுதினார். ஆளுக்கு ஆள் நம்பிக்கை இல்லாமல் போனது, பேசாமல் ஒதுங்கிப் போவது, முன்நின்று நடத்த ஆள் இல்லாமல் போனது, இவையெல்லாம் எந்தத் தனிநபர் கேள்விக்கொத்திலும் பிடிபடாது. காயத்ரி பெர்னாண்டோ இன்னொரு வழியில் போனார். வெளியிலிருந்து வந்த பட்டியலை மொழிபெயர்க்காமல், இலங்கையில் சனம் தங்கள் கஷ்டத்தையும் அதிலிருந்து மீண்டதையும் எப்படிச் சொல்கிறார்களோ அதிலிருந்தே ஒரு அளவுகோலைக் கட்டினார். உங்கள் வழிகாட்டிக்கு எண்கள்தான் வேண்டுமென்றால் இப்படியும் செய்யலாம் என்று இதைக் காட்டுங்கள்.

எங்கள் ஊர்களில் நான் போனவுடன் தேடுவது மரண உதவிச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, சீட்டுப் பிடிக்கும் அக்கா. 2022இல் எரிபொருளும் காசும் இல்லாமல் நாடே நின்றபோது யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் யாருக்கு அரிசி கடன் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒரு கிராமத்தின் முழு வலையும் தெரிந்துவிடும். சுனாமியைப் பற்றிக் கேட்பதைவிட இது லேசு, சனம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நுண்கடன் கம்பனிகள் அந்த வலையை எப்படிக் கிழித்தன என்பதும் அதே கதையில் வந்துவிடும், குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற விதியால் அக்கம்பக்கத்தில் முகம் பார்க்காமல் போன பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கம் மகளிர் குழுக்களில் எப்படி என்று பாருங்கள்.

நாகை அண்ணன் சொன்ன உள்ளே, வெளியே என்பதை எங்கள் நிலைமைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். அம்பாறை, மட்டக்களப்பு கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. அன்றைக்கு யாரென்று பாராமல் தூக்கினார்கள், சோறு சமைத்துக் கொடுத்தார்கள். பிறகு வீட்டுத் திட்டம் வந்தபோது, எந்தக் காணி யாருக்கு, கரையிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று வந்தபோது (தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்று அரசு முதலில் அறிவித்தது) எல்லாம் பிரிந்து போயிற்று. அந்த முதல் நாட்களின் ஒற்றுமையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அது அரைவாசி ஆய்வு.

ஆய்வுமுறை_ஆசிரியர்:

நான் ஆய்வுமுறையியல் நடத்துகிறேன். வழிகாட்டியை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அவர் சொல்வதில் பாதி சரி. அந்த அளவுகோல் மோசமானது இல்லை, 2003இல் வெளியானதிலிருந்து பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது. அது அளப்பது தனி ஆளின் மன உறுதியை. உங்கள் தலைப்பில் இருப்பது சமூகம். அலகு பொருந்தவில்லை. "அலகு பொருந்தவில்லை ஐயா, வைவாவில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்" என்று, அதாவது வாய்மொழித் தேர்வைக் காட்டி, சொல்லிப் பாருங்கள், எந்த வழிகாட்டியும் காது கொடுப்பார். அளவுகோலைப் பயன்படுத்த அதை உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு. நகல் எடுத்து நிரப்பி வாங்குவது நம் கல்லூரிகளில் சாதாரணமாக நடக்கிறது, அது சரியில்லை.

கோட்பாட்டுக்கு இரண்டு இடங்கள் போதும். ஃபிரான் நோரிஸும் அவருடைய குழுவும் 2008இல் எழுதியதில் சமூக மீண்டெழும் திறனை நான்கு ஆற்றல்களின் வலையாகப் பார்த்தார்கள்: பொருளாதார வளம், சமூக மூலதனம், தகவல் தொடர்பு, கூடி முடிவெடுத்துச் செயல்படும் தகுதி. இவை நான்கும் உங்கள் ஊரில் கண்ணால் பார்க்கக்கூடியவை, அதாவது படகும் கடனும், உறவும் சங்கமும், ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப் குழுவும், பஞ்சாயத்துக் கூட்டம். இரண்டாவது மைக்கேல் உங்கர், அவரே சமூகப்பணித் துறைக்காரர். ஒருவர் மீண்டெழுவது அவருடைய குணத்தைவிட, அவருக்குத் தேவையான வளங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா, அவருக்குப் பொருளுள்ள விதத்தில் கிடைக்கின்றனவா என்பதைப் பொறுத்தது என்பார். 2014இல் ஏற்ற சமூகப்பணியின் உலகளாவிய வரையறையிலேயே கூட்டுப் பொறுப்பும் அந்தந்த மண்ணின் அறிவும் இடம்பெற்றிருக்கின்றன, முன்னுரையில் அதைக் காட்டினால் உங்கள் வாதம் துறைக்கு வெளியே இருந்து வந்ததாக யாரும் சொல்ல முடியாது.

எண்கள் வேண்டும் என்றால் வீடு வீடாக எளிய கேள்விகள் கேளுங்கள். கஜா அடித்த அந்த வாரத்தில் உங்களைத் தேடி முதலில் யார் வந்தார்கள்? நீங்கள் யாரைத் தேடிப் போனீர்கள்? பத்தாயிரம் ரூபாய் அவசரமாக வேண்டுமென்றால் இன்று யாரிடம் போவீர்கள்? உங்கள் பெயரை நிவாரணப் பட்டியலில் யார் எழுதினார்கள், விட்டுப்போனால் யாரிடம் முறையிட்டீர்கள்? மீனவ ஊரில் முப்பது வீடு, பின்னாலிருக்கும் குடியிருப்பில் முப்பது வீடு என்று எடுத்து இந்தப் பதில்களை எதிரெதிரே வையுங்கள். வழிகாட்டி கேட்ட அறுபதும் ஆயிற்று, ஒப்பிடுவதற்குப் பொருளுள்ள இரண்டு பக்கமும் கிடைத்தது. அறுபது பேரை வைத்துக்கொண்டு மாவட்டத்துக்கே பொருந்தும் முடிவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அதோடு சமூக வரைபடம் ஒன்று, ஊர் மக்களே தரையில் கோலப்பொடியால் வரையட்டும். எந்த வீடு வரைபடத்துக்குள் வருகிறது, எதை வரையாமல் விடுகிறார்கள் என்பது நாகைக்காரர் சொன்ன கேள்விக்கு நேரடியான பதில். பெண்கள் தனியாக ஒன்று, ஆண்கள் தனியாக ஒன்று வரைந்தால் இன்னும் நல்லது. படம் எடுக்கச் சொல்லிப் பேச வைக்கும் முறையும் இருக்கிறது, கேரோலின் வாங் 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு செய்தது. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, செலவே இல்லை. ஆனால் முதுகலை மாணவருக்கு இருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், வீட்டுக் கேள்விகளும் வரைபடமும் செய்தாலே நிறைவாக இருக்கும்.

வங்கக்கரை:

டாக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் ஆசிய உதாரணங்கள் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் வங்கதேசம். 1970 நவம்பர் புயலில் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது, அரசும் செஞ்சிலுவை அமைப்பும் சேர்ந்து. கிராமத்துத் தொண்டர்கள் கொடியேற்றி, மெகாபோனில் கத்தி, வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆனாலும் 1991 புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள், அதில் பெண்கள் இறந்த விகிதம் ஆண்களைவிடப் பல மடங்கு. எச்சரிக்கை ஆண்கள் கூடும் இடத்தில் சொல்லப்பட்டது, கணவன் வராமல் பெண் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது, ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் நெருக்கியடித்து நிற்கும் புகலிடத்துக்குப் போகத் தயக்கம், புடவை தண்ணீரில் சுற்றிக்கொள்ளும். இதையெல்லாம் பெண்களிடம் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் பெண் தொண்டர்கள், புகலிடத்தில் தனி இடம், தனிக் கழிப்பறை என்று மாறத் தொடங்கியது. 2007 சித்ர் புயலில் இறந்தவர்கள் 3,400 அளவில். இப்போது தொண்டர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல், பாதிப் பேர் பெண்கள். ஆய்வு எழுதி என்ன ஆச்சு என்று கேட்ட அம்மாவுக்கு எழுதினதால் ஆனதும் இருக்கிறது என்று இதைச் சொல்லலாம். நம் கரையிலும் 2005இல் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட கணக்கில், அப்போதிருந்த அரசுப் புள்ளிவிவரப்படி, நாகையில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883 என்று இருந்தது. ஆண்கள் கடலில், பெண்கள் மீன் வரும் என்று கரையில்.

இரண்டாவது, இந்தோனேசியாவின் சிமலூ தீவு. 2004 நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இடம், ஏறக்குறைய 78,000 மக்கள், சுனாமியில் இறந்தது 7 பேர். 1907இல் வந்த பேரலையைப் பாட்டிலும் கதையிலும் வைத்து, நிலம் பலமாக ஆடி கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதை 'ஸ்மோங்' என்பார்கள். அருகிலேயே ஆச்சே பெருநிலத்தில் அந்த நினைவு இல்லை, அங்கே நடந்தது உலகத்துக்கே தெரியும்.

மூன்றாவது, 1995 கோபே நிலநடுக்கம். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மீட்டது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான், தீயணைப்புத் துறையோ ராணுவமோ இல்லை. மானோ என்ற பகுதியில் மக்கள் வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்துத் தீயை நிறுத்தினார்கள். அந்தப் பகுதிக்காரர்கள் 1960களிலிருந்தே தொழிற்சாலை மாசுக்கு எதிராகக் கூடிப் போராடிப் பழகியவர்கள். அதே ஊரில் இன்னொரு பகுதியில் வீடுகள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதை ஆராய்ந்தவரும் மேலே வந்த ஆல்ட்ரிச்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு இந்த மொத்தத் துறையோடும் சண்டை உண்டு. மக்கள் தாமாக எழுந்து நிற்பார்கள் என்று நாம் புகழ்ந்து எழுதுவது, அரசு கையைக் கட்டிக்கொள்ள வசதியாகிவிடுகிறது. ஒடிசாவைப் பாருங்கள். 1999 சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013 ஃபைலினில் 10 லட்சம் பேர் அளவில் முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள், இறந்தவர்கள் சில பத்துப் பேர். இடையில் ஒடிசா மக்களின் மன உறுதி கூடிவிடவில்லை. அரசு தனி அமைப்பை உருவாக்கியது, புகலிடம் கட்டியது, சாலை போட்டது, ஒத்திகை நடத்தியது, கிராமக் குழுக்களைக் கூடவே வைத்துக்கொண்டது. ஊர் தன்னால் செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் யாருடைய கடமை என்பதையும் எழுதுங்கள், அதை எழுதினால்தான் சமூகப்பணி ஆய்வு.

நாகை_களப்பணி:

வங்கக்கரை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒன்று மட்டும். 'அரசு செய்தது' என்றால் நல்லதாகவே முடியும் என்றும் இல்லை. 2005 மார்ச் 30ஆம் தேதி அரசாணை 172 வந்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் அங்கேயே இருக்கலாம், ஆனால் புது வீட்டுக்கு உதவி கிடைக்காது என்பது அதன் சாரம். வீட்டுக்காகப் பல குடும்பங்கள் கரையை விட்டு உள்ளே போனார்கள். போனபின் வலை எங்கே காய்வது, படகை யார் பார்த்துக்கொள்வது, பெண்கள் ஏலத்துக்கு எப்படி வந்து போவது, எல்லாம் புதுச் செலவு. அதே ஆணையில் வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்று இருந்தது நல்ல விஷயம், அதையும் சொல்லத்தான் வேண்டும். படகும் அப்படித்தான், கட்டுமரம் இழந்தவருக்கு ஃபைபர் படகு, எதுவும் இழக்காதவருக்கும் ஃபைபர் படகு என்று கொடுத்து, மீன் அதே அளவு, படகு மட்டும் பெருகிப் போனது. தம்பி, 'முன்பைவிட நன்றாக மீண்டார்கள்' என்று பழைய அறிக்கைகளில் படகு எண்ணிக்கையை வைத்து எழுதியிருப்பார்கள், அப்படியே எடுத்து மேற்கோள் காட்டாதீர்கள்.

கரையோர_வீடு:

எல்லாம் படித்தேன். நான் நீங்கள் ஆய்வு செய்யப் போகும் மாதிரியான ஊரில் பிறந்தவள், சுனாமிக் குடியிருப்பில் வளர்ந்தவள், இப்போது பள்ளியில் ஆசிரியை.

தம்பி, அந்த அம்மா கேட்டதற்குப் பதில் சொல்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. எழுதி முடித்ததும் திரும்பி வாருங்கள். என் அம்மா யார் யாரிடமோ பேசியிருக்கிறார், போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒருவர் கூட என்ன எழுதினேன் என்று வந்து சொன்னதில்லை. புத்தகமாகப் போட்டார்களா, எங்களை நல்லவர்கள் என்று எழுதினார்களா, ஏமாளிகள் என்று எழுதினார்களா, எங்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதுங்கள், ஆனால் தமிழில் நாலு பக்கம் எடுத்துக்கொண்டு வந்து ஒரு சாயந்திரம் படித்துக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் நாங்களே திருத்துவோம்.

அப்புறம் உங்களுக்குக் கிடைக்கும் தகவலில் எங்களுக்குப் பயன்படுவதும் இருக்கும். எங்கள் குடியிருப்பில் கூரை காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது, அந்த வீடுகளுக்கு இருபது வயது ஆகிறது. அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம். சிலருக்கு இன்னும் பட்டா கையில் இல்லை. நீங்கள் அறுபது வீடு ஏறி இறங்கும்போது எந்த வீட்டில் என்ன உடைசல், எத்தனை குடும்பம், பட்டா இருக்கிறதா என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்டு, பெயர் போடாமல் ஒரு தொகுப்பு கொடுத்தால் கிராம சபையில் நாங்கள் வைப்போம். மனு எழுதும்போது 'நிறைய வீடு' என்று எழுதுவதும் 'இத்தனை வீட்டில் இத்தனை' என்று எழுதுவதும் ஒன்றா?

பின்னாலிருக்கும் தெருவைப் பற்றி நாகை அண்ணன் எழுதியது உண்மை. எங்கள் ஊரில் அதைப் பேச மாட்டார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் தாத்தாவுக்கு அன்றைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நீங்கள் இரண்டு பக்கமும் போனால் எங்கள் ஆட்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் போங்கள்.

ஒரு ஆண் பிள்ளை தனியாக வந்து பெண்களிடம் பேச முடியாது, கூடப் படிக்கும் பெண் யாரையாவது அழைத்து வாருங்கள்.

திருச்சி_எம்எஸ்டபிள்யூ:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வழிகாட்டியிடம் 'அலகு பொருந்தவில்லை' என்பதிலிருந்தே தொடங்கினேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் இரண்டு குடியிருப்பு ஒப்பீடு, வீட்டுக் கேள்விகள், சமூக வரைபடம் என்று எழுதிக் காட்டியதும் "அட்டவணை வரும் இல்லையா, சரி" என்றார். அளவுகோலைக் கைவிட்டாயிற்று. கள ஆய்வுக்கு என் வகுப்புத் தோழி வருகிறார், அவருடைய ஆய்வும் மகளிர் குழுக்கள் பற்றித்தான் என்பதால் இருவருக்கும் வசதி.

கரையோர அக்கா சொன்ன வீடு, குடும்பம், பட்டா மூன்றையும் சேர்த்துவிட்டேன். இதில் ஒரு சந்தேகம்: அந்தத் தொகுப்பை ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன்பே ஊருக்குக் கொடுக்கலாமா? வழிகாட்டி "முதலில் வைவா முடியட்டும்" என்கிறார்.

ஆய்வுமுறை_ஆசிரியர்:

கொடுக்கலாம். ஒப்புதல் படிவத்திலேயே 'வீட்டு நிலை குறித்த தொகுப்பு, பெயரோ கதவு எண்ணோ இல்லாமல், கிராம சபைக்குத் தரப்படும்' என்று ஒரு வரி சேர்த்து, ஒவ்வொரு வீட்டிலும் அதை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்கிற வீட்டை அந்தத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தில் இதை ஒரு படியாக எழுதி, வாசித்துக் காட்டும் கூட்டத்தை வைவாவுக்கு முன்னால் வைத்துவிடுங்கள், ஊர்க்காரர்கள் சொல்லும் திருத்தங்களை முடிவுரைக்கு முன் தனிப் பகுதியாகச் சேர்க்கலாம். பட்டா விவரத்தில் மட்டும் கவனம், பின்னாலிருக்கும் குடியிருப்பில் வீடுகள் குறைவு என்றால் பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை இரண்டு குடியிருப்புக்கும் சேர்த்தே கொடுங்கள்.

கரையோர_வீடு:

சேர்த்துக் கொடுத்தால் அந்தத் தெருவுக்கு எவ்வளவு குறை என்று தெரியாமல் போய்விடுமே. அதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள் தம்பி. அவர்கள் தனியாகப் போடச் சொன்னால் தனியாகப் போடுங்கள்.